இன்னும் விலை போகும் தகடுகள்

வீடியோ கேஸட் போயிற்று. வி.சி.டி. போயிற்று. டி.வி.டி.யும் மூட்டை கட்டிவிட்டது. ஆனாலும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டி என்ற பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1970களின் இறுதியில், பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில், கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் சுமார் 330 ஏக்கரை வளைத்துப்போட்டு கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இந்தத் தொழிற்பேட்டையை அமைத்தது. அப்போது அதன் தலைவராக இருந்த ஆர்.கே. பாலிகாவின் கனவு, இங்கே எலெக்ட்ரானிக் சாமான்கள் தயாராக வேண்டும் என்பது. தயாராகவும் செய்தன. ஆனால் 1990களில் இன்ஃபோசிஸ் உள்ளே வந்த பிறகு ஊரின் தலையெழுத்து மாறியது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்களைவிட, கண்ணுக்குத் தெரியாத மென்பொருள்தான் இந்த ஊரின் பிரதான உற்பத்தி.

சினிமாவுக்கும் நேர்ந்தது இதுதான். கேஸட்டாக, தகடாக வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருந்த படம், எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றில் கோப்பாக மாறிவிட்டது. இந்த ஊரின் அலுவலகங்களில் ஊழியர்களுக்குக் கொடுக்கப்படும் லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே கிடையாது. 2008-ல் ஆப்பிள் தன் மெல்லிய மேக்புக் ஏரில் டிஸ்க் டிரைவை நீக்கியது. பிறகு மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன.

வெள்ளிக்கிழமை மாலையானால் சேலத்துக்கும் மதுரைக்கும் பஸ் பிடிக்க ஓசூர் சாலையில் மூட்டையோடு நிற்கும் தமிழ் இளைஞர்களிடம், "டி.வி.டி. வாங்குவதுண்டா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். செல்போனில் மாதச் சந்தா கட்டிய இரண்டு மூன்று ஓ.டி.டி. தளங்கள் இருக்கும்போது தகடு எதற்கு?

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஒரு பதிலும் இருக்கிறது. அந்தப் பதில் தெரிந்த சிலர் இன்னும் தகடு தேடுகிறார்கள். பழைய சாமான் கடைகளிலும், இணையத்தின் செகண்ட் ஹாண்ட் சந்தைகளிலும், கடையை மூடுகிறவர் மொத்தமாகத் தள்ளிவிடும் அட்டைப் பெட்டிகளிலும் கைவிட்டுத் துழாவுகிறார்கள்.

டெக் வாடகைக் காலம்

தமிழர்களின் வீடியோ மோகத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி வி.எச்.எஸ். கேஸட்டை அறிமுகப்படுத்தியது 1976-ல். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவுக்குக் கலர் டி.வி. வந்தது. அடுத்த சில வருடங்களில் ஊருக்கு நாலு வீடியோ லைப்ரரி முளைத்தது. சொந்தமாக வி.சி.ஆர். வைத்திருப்பது வசதியின் அடையாளம். மற்றவர்கள் டி.வி.யையும் டெக்கையும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவையே கூட்டி உட்காரவைத்து விடிய விடிய மூன்று படம் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு இது பொழுதுபோக்கு மட்டுமல்ல. தூர்தர்ஷன் தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு பிற்பகல் மாநில மொழிப் படம் ஒன்று உண்டு. ஆங்கில அகரவரிசைப்படி அஸ்ஸாமியில் ஆரம்பித்து வரும். தமிழின் முறை வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வந்தாலும் அது பெரும்பாலும் விருதுப் படம்; ரஜினி படமோ கமல் படமோ அல்ல. ஆகவே மும்பை மாதுங்காவிலும் டெல்லி கரோல் பாகிலும் பெங்களூர் அல்சூரிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கேஸட்தான் ஊர் வாசனை. லண்டனிலும் டொரான்டோவிலும் இலங்கைத் தமிழர்களின் மளிகைக் கடைகளில் மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே தமிழ்ப் படக் கேஸட்டும் இருந்தது. 1993 ஏப்ரலில் சன் டி.வி. தொடங்கிய பிறகுதான் இந்தப் பசி ஓரளவு அடங்கியது.

அதே 1993-ல் வி.சி.டி.க்கான விதிமுறைகள் வகுக்கப்பட்டன. ஒரு தகட்டில் சுமார் 74 நிமிடப் படம்தான் அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு, சமயத்தில் மூன்று தகடு. தியேட்டரில் இல்லாத இடத்தில் இடைவேளை விடும். யாராவது எழுந்து போய்த் தகட்டை மாற்ற வேண்டும். படமும் சுமார்தான். ஆனால் பிளேயர் மலிவு, தகடு மலிவு, பூஞ்சை பிடிக்கும் டேப் இல்லை. அமெரிக்கா கண்டுகொள்ளாத வி.சி.டி.யை இந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவும் கொண்டாடின.

கொண்டாடியவர்களில் திருட்டு வி.சி.டி. வியாபாரிகளும் உண்டு. படம் வெளியான மறுநாளே சென்னை பர்மா பஜாரில் தகடு கிடைத்தது. தயாரிப்பாளர்களின் கூக்குரலுக்குப் பிறகு 2004-ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி, வீடியோ திருடர்களையும் அதன் வளையத்துக்குள் கொண்டுவந்தது.

28 ரூபாய்ப் புரட்சி

போலீஸ் செய்ய முடியாததை விலை செய்யும் என்று நம்பியது ஒரு கம்பெனி. வெற்றுத் தகடுகள் தயாரிப்பதில் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக இருந்த மோசர் பேர், சினிமா உரிமைகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்து, 2007-ல் வி.சி.டி.யை ரூ. 28-க்கும் டி.வி.டி.யை ரூ. 34-க்கும் விற்கத் தொடங்கியது. திருட்டுத் தகட்டின் விலையில் அசல் தகடு! அதுவரை அசல் வாங்குவதை ஆடம்பரமாக நினைத்தவர்கள், மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களைக் கொத்தாக அள்ளினார்கள். இன்று பல தமிழ் வீடுகளின் பரணில் கிடக்கும் அசல் தகடுகளில் கணிசமானவை அந்தக் காலத்தவை.

பெங்களூரிலும் ஒரு பரிசோதனை நடந்தது. 2005-ல் இங்கே உருவான செவன்ட்டி எம்.எம். என்ற நிறுவனம், இணையத்தில் படத்தைத் தேர்ந்தெடுத்தால் டி.வி.டி.யை வீட்டுக்கே அனுப்பும் வாடகை முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் செய்துகொண்டிருந்ததுதான். டிராஃபிக்கில் சிக்கிக் களைத்து வீடு திரும்பும் கம்ப்யூட்டர் ஊழியர்களுக்கு வசதியான ஏற்பாடு. ஆனால் சில வருடங்களிலேயே அந்த நிறுவனம் வேறு வியாபாரத்துக்கு மாறிக்கொண்டது.

தமிழில் கடைசிப் பெரிய முயற்சி இயக்குநர் சேரனுடையது. சினிமா டு ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கி, தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 2015 மார்ச்சில் நேராக டி.வி.டி.யாகவே வெளியிட்டார். விலை ரூ. 50. வீடு தேடி வரும் தகடு. தியேட்டர் கிடைக்காத சின்னப் படங்களுக்கு இது வழி காட்டும் என்று எதிர்பார்த்தார்கள். திட்டம் நிலைக்கவில்லை. படம் வீடு தேடி வரும் என்ற அவருடைய கணக்கு சரிதான். தகடாக வரவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் இறுதி ஊர்வலம். உலகின் கடைசி வி.சி.ஆர். தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. மோசர் பேர் நிறுவனத்தை மூடிச் சொத்துகளைக் கலைக்க 2018-ல் உத்தரவாயிற்று. 520 கோடித் தகடுகளை அனுப்பிய நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பர் 29-ல் கடைசித் தகட்டை அஞ்சலில் போட்டது. சாம்சங்கும் எல்.ஜி.யும் புளூ-ரே பிளேயர் தயாரிப்பிலிருந்து விலகிவிட்டன. இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் வந்த பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு டி.வி.டி. என்ற ஒன்றே கிடையாது.

சொத்தா, அனுமதியா?

இவ்வளவுக்குப் பிறகும் யார் வாங்குகிறார்கள்? முதல் வகை, பழைய நினைவுக்காக வாங்குகிறவர்கள். ஹாலிவுட் இவர்களை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. 2024 டிசம்பரில் 'ஏலியன்: ரோமுலஸ்' படத்தை வி.எச்.எஸ். கேஸட்டாகவே குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டார்கள். பிளேயரே தயாராகாத காலத்தில் கேஸட்! இவர்களுக்குக் கேஸட் என்பது பொம்மை மாதிரி, பிரேம் போட்ட போஸ்டர் மாதிரி.

இரண்டாவது வகை, படமும் ஒலியும் துல்லியமாக வேண்டும் என்கிறவர்கள். புளூ-ரே தகட்டில் 25 அல்லது 50 ஜி.பி. வரை அடங்கும். இணையம் வழியே வரும் படத்தை நெரிசலுக்கு ஏற்ப இறுக்கிச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். நல்ல டி.வி.யும் ஸ்பீக்கரும் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியும். 2023 நவம்பரில் 'ஓப்பன்ஹைமர்' தகடு வெளிவந்தபோது பல கடைகளில் இருப்பு தீர்ந்துபோனது. தகட்டை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதன் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனே பிரசாரம் செய்தார்.

மூன்றாவது வகைதான் முக்கியமானது. எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியதும் இதுதான். ஏனென்றால் மென்பொருளை யாரும் விற்பதில்லை, பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே விற்கிறார்கள் என்பது அவர்களுடைய தொழிலின் பாலபாடம். ஓ.டி.டி.யில் சந்தா கட்டுகிறவர் படத்தை வாங்குவதில்லை; பார்க்க அனுமதி வாங்குகிறார். அனுமதி கொடுத்தவருக்கும் படத்தின் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் படம் காணாமல் போகும். சந்தாதாரரை யாரும் கேட்பதில்லை.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசம்பர் முதல் தேதி தியேட்டருக்கு வந்தது. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படம். மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. சர்ச்சை கிளம்பியதும் 2024 ஜனவரியில் அங்கிருந்து நீக்கப்பட்டது. படம் நல்லதா கெட்டதா, புகார் நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். முந்தைய நாள் வரை வீட்டு டி.வி.யில் இருந்த படம் மறுநாள் இல்லை என்பதுதான் இங்கே விஷயம். தகடு வெளியான படமாக இருந்தால் கடையிலிருந்து எடுத்திருக்கலாம். வாங்கியவர் வீட்டுக்குள் வந்து எடுத்துப்போக முடியாது.

மாதச் சந்தா இல்லாமல், முழு விலை கொடுத்து 'வாங்கிய' படத்துக்கும் இதே கதிதான். பிளேஸ்டேஷன் கடையில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு 2023 டிசம்பரில் சோனி ஒரு தகவல் அனுப்பியது: மாதக் கடைசியோடு அவை உங்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும். எதிர்ப்பு கிளம்பிய பிறகு புது ஒப்பந்தம் போட்டு அந்த முடிவு கைவிடப்பட்டது. ஆனால் பூனை வெளியே வந்துவிட்டது. 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் அமலுக்கு வந்த ஒரு சட்டம், இப்படிப் பறிக்கப்படக்கூடிய சரக்கை விற்கும்போது 'இது உரிமம் மட்டுமே' என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது.

தகட்டுக்கும் ஆயுசு உண்டு

ஆகவே எல்லோரும் தகடு வாங்கத் தொடங்க வேண்டுமா? அவசரப்பட வேண்டாம். தகடு சிரஞ்சீவி அல்ல. ஈரமும் வெயிலும் பட்டால் உள்ளே இருக்கும் உலோகப் பூச்சு அரித்துப்போகும். மலிவு விலைப் பதிப்புகளில் இன்னொரு குறையும் உண்டு. 4.7 ஜி.பி. மட்டுமே கொள்ளும் டி.வி.டி.யில் மூன்று படங்களை அடைத்து 'த்ரீ இன் ஒன்' என்று விற்றார்கள். பெரிய திரையில் அதைப் போட்டால் நாயகியின் முகம் சதுரம் சதுரமாகத் தெரியும்.

மண்டலக் கட்டுப்பாடு என்று ஒரு தொல்லையும் இருக்கிறது. இந்தியா டி.வி.டி.க்கு ஐந்தாம் மண்டலம். உறவினர் அமெரிக்காவிலிருந்து வாங்கி வரும் முதல் மண்டலத் தகட்டை இந்திய பிளேயர் ஏற்க மறுக்கலாம். பழையது வாங்கும்போது அசலா, கம்ப்யூட்டரில் எரித்த நகலா என்று பார்ப்பதும் அவசியம். நகலின் அடிப்பக்கம் பெரும்பாலும் ஊதா அல்லது பச்சை சாயலில் இருக்கும்; அசல் வெள்ளி நிறம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை பிளேயர். தகடு நூறு வருடம் இருந்தாலும் அதைப் படிக்கும் லேசர் கண் பத்துப் பதினைந்து வருடத்தில் மங்கிவிடும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய உதிரி பாகங்களைத் தேடிப் பிடிக்கலாம். அதுவும் எத்தனை நாளைக்கு? கெட்டுப்போன பிளேயர்கள் மின்கழிவாகத்தான் போகின்றன. அந்தத் தொழிலுக்கும் இந்த நகரம்தான் முன்னோடி. நாட்டின் முதல் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி ஆலையான இ-பரிசரா 2005-ல் தொடங்கியது பெங்களூரை அடுத்த தாபஸ்பேட்டையில்.

அலமாரி காப்பாற்றிய படம்

தனிப்பட்டவர்களின் அலமாரி என்ன பெரிதாகச் சாதித்துவிடும் என்று நினைப்பவர்கள் 'மார்த்தாண்ட வர்மா'வின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்து 1933-ல் வெளிவந்த பேசாப் படம் அது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை அனுமதியின்றிப் படமாக்கியதாக, பதிப்பு உரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தகக் கடை வழக்குப் போட்டது. படம் முடங்கியது. பிரதி புத்தகக் கடையிலேயே கிடந்தது. பல பத்தாண்டுகள் கழித்து புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைக் கண்டெடுத்தது. தென்னிந்தியாவின் பேசாப் படங்களில் முழுமையாகக் கிடைத்திருப்பது அது ஒன்றுதான். ஓடி வசூல் செய்த படங்களெல்லாம் அழிந்தன. ஓடவிடாமல் அலமாரியில் பூட்டிவைக்கப்பட்ட படம் பிழைத்தது.

1931-ல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. அதற்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. காப்பகத்தில் இருந்தவற்றுக்கும் முழுப் பாதுகாப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. 2003 ஜனவரி 8-ல் புனேயில் ஏற்பட்ட தீ விபத்தில் நைட்ரேட் படச்சுருள்கள் ஆயிரக்கணக்கில் சாம்பலாயின.

இதில் சட்டத்தின் பாராமுகமும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் யார் புத்தகம் வெளியிட்டாலும் 1954-ம் வருடச் சட்டப்படி சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்கு ஒரு பிரதி அனுப்பியாக வேண்டும். ஐம்பது ரூபாய் சமையல் புத்தகத்துக்குக்கூட அந்தப் பாதுகாப்பு உண்டு. கோடிகளைக் கொட்டி எடுக்கும் சினிமாவுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தணிக்கைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன படத்தின் நெகடிவ் எந்த லேபில் எந்த மூலையில் கிடக்கிறது என்று கவலைப்பட அதிகாரபூர்வமாக ஆளில்லை.

சினிமாவின் காப்புரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1960-ல் வெளியான படத்தின் உரிமை 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அந்தப் படம் இனி பொதுச் சொத்து. ஆனால் சொத்தை அனுபவிக்க, போட்டுப் பார்க்கும்படியான ஒரு பிரதி வேண்டும். நல்ல பிரதி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 'கர்ணன்' சாட்சி. 1964-ல் வெளியான அந்தப் படத்தைப் படமும் ஒலியும் சீரமைத்து 2012 மார்ச்சில் மறுபடி திரையிட்டபோது, புதுப் படங்களுக்குப் போட்டியாக வாரக்கணக்கில் ஓடியது. எவ்வளவோ படங்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. ஓ.டி.டி. தளங்கள் விலை போகும் படங்களைத்தான் வாங்கும். விலை போகாத படங்களுக்கு யாரோ எப்போதோ 28 ரூபாய் கொடுத்து வாங்கிய வி.சி.டி.யே கதி.

ஆகவே பரணைச் சுத்தம் செய்கிறவர்கள் பழைய தகட்டுக் கட்டை எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம் பார்ப்பது நல்லது. இணையத்தில் தேடி, அந்தப் படம் எங்கும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்றால், அது குப்பை அல்ல. நிழலான இடத்தில், உறையில், நிமிர்த்திவைத்தால் இன்னும் சில காலம் தாங்கும். பிளேயர் ஓடும்போதே போட்டுப் பார்த்து, பழுதில்லாத தகடு எது என்று குறித்து வைக்கலாம். தேவையில்லை என்றால் தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு மொழியின் சினிமா வரலாற்றை, பரண்களையும் பழைய சாமான் ஆர்வலர்களையும் நம்பி எத்தனை காலம் விட்டுவைப்பது? புத்தகத்துக்கு 1954-ல் செய்ததைச் சினிமாவுக்கும் செய்யலாம். சான்றிதழ் பெறும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தரமான பிரதி அரசுக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி வந்தால் போதும். அதைச் சேமிக்கும் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். அப்படி ஒரு நாள் வரும்வரை, தேய்ந்துபோன டி.வி.டி.க்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். காப்பகம் செய்ய வேண்டிய வேலையைத்தான் அவர் சொந்தக் காசில் செய்துகொண்டிருக்கிறார்.